மூக்குக்கு ஏற்ற பூனை

மாடு வாங்கப் போகிறவன் சுழி பார்ப்பான், பல்லைப் பிடித்துப் பார்ப்பான், மடியைத் தொட்டுப் பார்ப்பான். நாய் வாங்குகிறவன் அதன் தகப்பனார் யார், பாட்டனார் யார் என்று விசாரிப்பான். பூனைக்கு மட்டும் நம் ஊரில் அப்படி ஒரு சாஸ்திரம் ஏற்படவில்லை. பூனையை யாரும் வாங்கியதில்லை, அது வந்தது. மழைக்கால ராத்திரி ஒன்றில் கொல்லைப்புறத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்கும். மறுநாள் கொட்டாங்கச்சியில் கொஞ்சம் பால் வைப்பார்கள். அதற்கும் மறுநாள் அந்த வீட்டின் சொந்தக்காரர் யார் என்பதிலேயே சந்தேகம் வந்துவிடும்.

இப்போது பூனைக்கும் விலை உண்டு, ஜாதி உண்டு, வம்சாவளிப் பத்திரம் உண்டு. பாரசீகம் என்கிறார்கள், சயாம் என்கிறார்கள், வங்காளம் என்கிறார்கள். இதெல்லாம் போதாதென்று புதிதாக ஒரு குணத்தையும் சேர்த்து விற்கிறார்கள்: "இந்த ஜாதிப் பூனையால் அலர்ஜி வராது, ஸார்."

இந்த வாக்கியத்தை நான் கேட்டது நெய்வேலியில், என் தங்கை மகள் வீட்டில். மாப்பிள்ளைக்கு அங்கே சுரங்கத்தில் என்ஜினீயர் உத்தியோகம். ஒரே பெண், பதினோரு வயது. நல்ல சூடிகை. ஆனால் பனிக்காலம் வந்தால் இழைப்பும் கூடவே வந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கும். அந்தச் சத்தத்தை அடுத்த அறையில் படுத்துக்கொண்டு கேட்டவர்களுக்குத்தான் அது எப்படிப்பட்டது என்று தெரியும். அந்தக் குழந்தை உலகத்தில் ஆசைப்பட்ட பொருள் ஒன்றே ஒன்று. அது பூனை.

"மாமா, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்" என்றாள் தங்கை மகள்.

என்னை நடுவராக்கியதற்குக் காரணம் இருந்தது. ஐம்பது வருஷங்களாகப் பூனை பக்கத்தில் வந்தால் தும்முகிறவன் நான். கண் சிவந்துவிடும், மேலண்ணத்தில் ஒரு நமைச்சல் கிளம்பும். ஆனாலும் பூனையைக் கண்டால் கூப்பிடாமல் இருந்ததில்லை. அவையும் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஒன்பது பேரை விட்டுவிட்டு நேரே என் மடிக்குத்தான் வரும். எல்லோரும் "வா, வா" என்று கையை நீட்டும்போது, தும்மலை அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பவனைப் பூனை மரியாதைஸ்தன் என்று நினைத்துவிடுகிறதோ என்னவோ!

மாப்பிள்ளை தீர விசாரித்து வைத்திருந்தார். சென்னையில் ஒரு வியாபாரி. அவரிடம் இரண்டு ரகம். பாரசீகம் கொஞ்சம் மலிவு. சைபீரியம் விலை அதிகம், ஆனால் "ஒவ்வாமை இல்லாத ரகம்". மாப்பிள்ளையின் சம்பளத்தில் கணிசமான ஒரு பங்கை அது விழுங்கிவிடும். குழந்தை ஆசைப்படுகிறது, பணத்தைப் பார்க்கலாமா என்றார். தகப்பன் என்றால் அப்படித்தான்.

வீட்டுக்குப் பூனை அவசியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெய்வேலி நகரியத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பிளாக் பிளாக்காக வீடுகள், வீட்டைச் சுற்றிலும் தோட்டம், தோட்டத்தில் மாவும் பலாவும். பண்ருட்டிச் சீமை அல்லவா, நட்டால் பலா எங்கும் வரும். பலாப் பழுத்தால் எலி வரும். எலி வந்தால் அதைத் தேடிக்கொண்டு பாம்பு வரும். எதிர்வீட்டுக் குளியலறையில் ஒரு நாள் சாரைப் பாம்பு ஒன்று படுத்திருந்ததாம். ஆகவே, பூனை வேண்டும் என்பதில் அந்தத் தெருவில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. தங்கை மகளின் மாமியார் மட்டும் பூனை முடி உள்ளே போனால் காசநோய் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். காசநோய்க்குக் கிருமிதான் காரணம், முடி அல்ல என்று சொன்னேன். நான் கதை எழுதுகிறவன் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும், நம்பவில்லை.

குழந்தையின் இழைப்புக்கு என்ன காரணம் என்பதிலும் வீட்டில் கட்சிகள் இருந்தன. தங்கை மகள் சாம்பல் கட்சி. நெய்வேலியில் யார் தும்மினாலும் முதல் பழி அனல் மின் நிலையத்துக்குத்தான் போகும். இது அந்த ஊரின் சரித்திரத்தோடு பிறந்த பழி. 1956-ல் பழுப்பு நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது; 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்; 1961-ல் நிலக்கரி வெளியே தலைகாட்டியது; 1962-ல் முதல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அந்த முதல் நிலையம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது என்றாலும் மற்றவை ஓடுகின்றன. கொடியில் காயும் வெள்ளைத் துணியை உதறிப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துவரும் வழக்கம் அங்கே அநேக வீடுகளில் உண்டு. பழுப்பு நிலக்கரிக்கு ஒரு விசேஷ குணம் இருக்கிறது: குவித்து வைத்தால் தானாகவே உள்ளுக்குள் சூடேறிப் புகைந்து, பற்றிக்கொள்ளும். குடும்பத்துச் சந்தேகங்களுக்கும் அந்தக் குணம் உண்டு. அந்த வீட்டில் அடுக்களைப் புகையிலிருந்து பக்கத்து வீட்டு ஊதுவத்தி வரைக்கும் எல்லாவற்றின் மேலும் ஆளுக்கொரு சந்தேகம் புகைந்துகொண்டிருந்தது.

சாம்பலும் பூனையும் ஒரே விதமாக உபத்திரவம் செய்வதில்லை. புகையும் தூசியும் யார் நெஞ்சானாலும் உறுத்தும். ஏழை, பணக்காரன், இழைப்புக்காரன், பயில்வான் என்ற பேதம் அதற்குக் கிடையாது. அதிகம் சுவாசித்தால் எல்லோருக்கும் கெடுதல். அலர்ஜி வேறு. 1906-ல் வியன்னாவில் பிர்கே என்ற குழந்தை வைத்தியர் அந்த வார்த்தையை உண்டாக்கினார். பத்துப் பேருக்கு ஒன்றும் செய்யாத ஒரு சாதுப் பொருளைப் பதினோராவது ஆளின் உடம்பு விரோதி என்று தீர்மானித்துப் பட்டியலில் எழுதி வைத்துக்கொள்கிறது. மறுபடி அதைக் கண்டதும் படை திரட்டுகிறது. அந்தப் பட்டியலை உடம்பு எதில் எழுதி வைக்கிறது என்பது 1966 வாக்கில்தான் தெரிந்தது. அமெரிக்காவில் வேலை செய்த இஷிஸாகா என்ற ஜப்பானியத் தம்பதி ரத்தத்திலுள்ள ஒரு புரதத்தைப் பிரித்துக் காட்டினார்கள். இன்றைக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'ஐ.ஜி.ஈ.' என்று போட்டிருக்கிறதே, அதுதான். இழைப்புள்ள குழந்தைக்குச் சாம்பலும் அலர்ஜியும் சேர்ந்தால், ஒன்று விறகு, மற்றொன்று காற்று.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்: "பூனையைப் பிறகு பார்க்கலாம். முதலில் குழந்தையைப் பாருங்கள்."

பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனார்கள். முன்கையில் வரிசையாகச் சொட்டு மருந்து வைத்து, ஒவ்வொரு சொட்டின் மேலும் ஊசி நுனியால் லேசாகக் கீறுவார்கள். கால் மணி நேரத்தில் எந்த இடம் கொசு கடித்தாற்போல் தடிக்கிறதோ அதுதான் விரோதி. பெரிய தடிப்பு, வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்கு. தலையணையிலும் மெத்தையிலும் நாம் உதிர்க்கும் தோலைத் தின்று வாழும் பிராணி அது. இரண்டாவது தடிப்பு பூனைக்கு. பெரிசு இல்லை, ஆனால் இருந்தது. குழந்தை வண்டியில் திரும்பி வரும்போது அந்த இரண்டாவது தடிப்பையே தடவிப் பார்த்துக்கொண்டு வந்ததாம்.

இப்போது வியாபாரியின் வாக்கியத்துக்கு வருவோம்.

பூனை அலர்ஜி என்றால் பூனை முடி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். முடி வெறும் வாகனம். குற்றவாளி அதன் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பியிலும் ஊறும் ஒரு புரதம். பூனையின் லத்தீன் பெயரிலிருந்து முதல் எழுத்துக்களை எடுத்து அதற்கு 'ஃபெல் டி ஒன்று' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பூனை நாளெல்லாம் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறது. அந்தச் சுத்தத்திலேதான் நம்முடைய ஆபத்து இருக்கிறது! எச்சில் முடியில் காய்ந்து, பொடியாகி, காற்றில் கிளம்புகிறது. உண்ணியின் தூசி கனமானது. துணியை உதறினால் எழும், சீக்கிரம் தரையில் படிந்துவிடும். பூனைப் பொடியில் ஒரு பகுதி மிக நுண்ணியது, மணிக்கணக்கில் மிதக்கும். சுவரில் ஒட்டும், சோபாவில் ஒட்டும், சட்டையில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் போகும். பூனையே இல்லாத வீடுகளிலும் பள்ளிகளிலும் கூட இதைக் கண்டெடுத்திருக்கிறார்கள். பூனையை வெளியேற்றிய வீட்டில், பூனையில்லாத வீட்டின் அளவுக்கு அது குறைய நாலைந்து மாதம் ஆகும். கம்பரே தம் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனையைப் பாடியிருக்கிறார். அந்த நாக்கில் இத்தனை விஷயம் இருக்கும் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

முடியில் குற்றமில்லை என்று ஆனபிறகு, மொட்டைப் பூனை வாங்கி என்ன பயன்? 1966-ல் கனடாவில், டொராண்டோ நகரத்தில், ரோமமே இல்லாத குட்டி ஒன்று பிறந்தது. ஸ்பிங்க்ஸ் என்று இன்று விற்கும் ஜாதியின் கதை அங்கேதான் ஆரம்பம். அதற்கும் எச்சில் உண்டு, தோல் உண்டு. 1950-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பிரதேசத்தில் சுருட்டை ரோமத்தோடு பிறந்த ரெக்ஸுக்கும் அப்படியே. பாலினீஸ் என்று ஒன்று. பாலித் தீவுக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம்தான், சயாம் பூனையின் நீண்ட ரோமக் கிளையை அமெரிக்கர்கள் வளர்த்துப் பாலி நடனக்காரிகளை நினைத்துக்கொண்டு பெயர் வைத்தார்கள். சைபீரியப் பூனைகளில் சிலவற்றுக்கு அந்தப் புரதம் குறைவாக ஊறுகிறது. சிலவற்றுக்குத் தாராளமாகவே ஊறுகிறது. ஜாதியைச் சொல்லி உத்தரவாதம் கொடுக்க முடியாது என்பதுதான் இதுவரை ஆராய்ச்சி சொல்வது. ஒரே பூனைக்குக் கூட ஒரு நாள் போல் ஒரு நாள் இராது. காயடிக்காத கடுவனுக்கு அதிகம், காயடித்தால் குறையும். பெட்டைக்குப் பொதுவாகக் குறைவு. ஜாதியைவிட இந்த விவரம் உபயோகமானது. ஆனால் இதைச் சொல்லிப் பூனையின் விலையை உயர்த்த முடியாதே!

2006-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி அலர்ஜி தராத பூனை என்று சொல்லி, ஆயிரக்கணக்கான டாலர் விலைக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்திரிகைகள் புகழ்ந்தன. அந்தப் பெருமை நிலைக்கவில்லை. அதைவிடச் சாமர்த்தியமான யோசனை பின்னால் வந்தது. கோழிக்கு இந்தப் புரதத்தோடு பழக்கம் ஏற்பட்டால், அதை எதிர்க்கும் பொருள் முட்டையில் இறங்குகிறது. அந்த முட்டையைப் பூனைத் தீனியில் கலந்து கொடுத்தால், பூனையின் வாயிலேயே புரதத்தின் வீரியம் மட்டுப்படுகிறது. 2020-ல் அப்படி ஒரு தீனி வெளிநாட்டில் விற்பனைக்கு வந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு சராசரியாக 47 சதவீதம் குறைகிறது என்பது தயாரித்தவர்களின் கணக்கு. பாதி குறைந்தால் நல்லதுதான். பாக்கிப் பாதி யாருடைய நெஞ்சில் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது.

பாரசீகம் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதற்குக் காரணம் வேறு. முகத்தைத் தட்டையாக்கித் தட்டையாக்கி அந்த ஜாதியை வளர்த்திருக்கிறார்கள். மூக்குத் துவாரம் சிறுத்து, பல பூனைகளுக்கு மூச்சு விடுவதே சிரமம். கண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். அத்தனை ரோமத்தோடு அது நெய்வேலியின் மே மாதத்தைக் கழிக்க வேண்டும். "மூச்சுத் திணறும் குழந்தைக்கு மூச்சுத் திணறும் பூனையா, மாப்பிள்ளை?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு தொலைபேசியிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார்.

வாங்கிவந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்ன நடக்கும் என்பதும் யோசிக்க வேண்டியது. செருப்பு கடித்தால் கடையில் மாற்றிக்கொள்ளலாம். பூனையை என்ன செய்வது? குழந்தை அதற்குள் பெயர் வைத்திருக்கும். பெயர் வைத்த பூனையை ஒரு நாள் காலையில் கூடையில் போட்டு மூடும்போது, அது தன் மூச்சினால்தான் போகிறது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியும். வங்காளத்தில் குழந்தைகளைக் காப்பாற்றும் சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம். வாகனம் வேறு, குழந்தை வேறு என்று பிரிக்க முடியாத சங்கடத்தை அந்த நாட்டுக்காரர்கள் அறிந்திருக்கிறார்கள்.

குழந்தைக்கு மூக்கு ஒன்று. அந்த மூக்குக்கு ஒரு பூனை ஒத்துக்கொள்கிறதா என்பதை அந்தப் பூனையோடு அந்த மூக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஜாதகம் பார்த்தால் போதாது. பெண்ணையே பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்குப் பெண் இரண்டு வீடு தள்ளியே இருந்தது. சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி ஓடிய நாட்டுப் பூனை. பெட்டை, கருத்தடை ஆனது. அந்த வீட்டுக்காரருக்கு ஒன்பது மாதத்தில் ஓய்வு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போக வேண்டும். நகரியத்தின் பெரிய சோகம் அது. முப்பது வருஷம் தண்ணீர் ஊற்றிய பலாமரத்தை அடுத்தவருக்கு விட்டுவிட்டுப் போகிறார்கள். மரத்தோடு பூனையும் நின்றுவிடும். மனிதர்களைவிட இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் பிராணி அது. லாரி போன பிறகு காலி வீட்டின் படியில் உட்கார்ந்திருக்கும் பூனையை அந்தத் தெருக்களில் நானே பார்த்திருக்கிறேன்.

டாக்டரைக் கேட்டார்கள். அவர் உற்சாகப்படவில்லை. இழைப்பு உள்ள வீட்டில் பூனை இல்லாமலிருப்பதுதான் உத்தமம் என்றார். முதலில் உண்ணிக்கு வழி செய்யச் சொன்னார்: தலையணைக்கும் மெத்தைக்கும் இறுக்கமான உறை, வாரம் ஒரு தடவை வெந்நீரில் விரிப்புகளைத் துவைப்பது, உறிஞ்சு மருந்தை ஒரு வேளையும் தவறவிடாமலிருப்பது. அதோடு ஊதிப் பார்க்கும் குழாய் ஒன்று கொடுத்தார். பலம் கொண்ட மட்டும் ஊதினால் முள் நகர்ந்து எண் காட்டும். காலையும் மாலையும் அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுத வேண்டும். இரண்டு மாதம் எண் நிலையாக நின்ற பிறகு பூனையைப் பற்றிப் பேசலாம் என்றார்.

நின்றது. ராத்திரி இரண்டு மணிச் சத்தம் நின்றதும், சாம்பல் கட்சி, ஊதுவத்திக் கட்சி எல்லாம் வாய் மூடிக்கொண்டன. அதன் பிறகு பரீட்சை. மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, தாயார் பக்கத்தில் உட்கார, அந்த வீட்டு வெளித் திண்ணையில் பூனையோடு அரை மணி நேரம். ஒன்றும் இல்லை. இரண்டு நாள் விட்டு மறுபடியும் அரை மணி. மூக்கு கொஞ்சம் ஊறிற்று, முள் இறங்கவில்லை. இப்படி ஒரு மாதம். பிறகு அந்த வீட்டுக்குள்ளே, பூனை படுக்கும் அறையில், ஒரு மணி நேரம். அன்று ராத்திரி இருமல் வந்தது. 310 காட்டிய முள் மறுநாள் காலையில் 250-க்கு இறங்கிவிட்டது. குழந்தை அந்த எண்ணைத் தானே நோட்டில் எழுதியிருக்கிறது. 280 என்று எழுதினாலும் யாருக்கும் தெரிந்திராது. நான் அடுத்த தடவை போனபோது அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். 250, அதன் கீழே ஒரு கோடு. வேறு ஒன்றுமில்லை.

விடை கிடைத்துவிட்டது: திண்ணைக்கு ஆகும், அறைக்கு ஆகாது. மாப்பிள்ளை தோட்டத்துக் கொட்டகையில் சாக்கு விரித்த மரப்பெட்டி ஒன்றை வைத்தார். வீட்டுக்குள் பூனைக்கு அனுமதி இல்லை. எலி இருப்பதும் தோட்டத்தில்தானே! தடவிக் கொடுத்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்; தடவிய சட்டையோடு கட்டிலில் ஏறக் கூடாது; இழைப்பு வருகிற மாதங்களில் திண்ணையோடு சரி. இவ்வளவையும் டாக்டரிடம் சொல்லி, அரை மனதாக ஒரு சம்மதமும் வாங்கிக்கொண்டார்கள். எண் இறங்கினால் அந்தச் சம்மதமும் கிடையாது. அப்போது பூனைக்கு வேறு வீடு வேண்டும் என்பதால், பக்கத்து பிளாக்கில் அலர்ஜி இல்லாத ஒரு குடும்பத்திடம் முன்னாலேயே பேசி வைத்தார்கள். நான் வற்புறுத்திய காரியம் இது ஒன்றுதான்.

சென்னை வியாபாரி இரண்டு தடவை கூப்பிட்டாராம். இரண்டாவது தடவை விலையையும் குறைத்துச் சொன்னாராம்.

அந்த வீட்டுக்காரர் போன மே மாதம் காலி செய்துகொண்டு போனார். பூனை நாலு நாள் பழைய படியை விட்டு அசையவில்லையாம். ஐந்தாம் நாள் மாலை மதில் மேல் வந்து உட்கார்ந்து, கொட்டகையிலிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்ததாம். போன வாரம் குழந்தை எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "தாத்தா, நேற்று ஒரு பெரிய எலி. எனக்கு 315."